ஒரு சீர் குறைந்த அடி

எங்கள் ஊர் வீட்டுப் பரணில் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது. 2016ஆம் ஆண்டு அப்பா மறைந்த பிறகு, வீட்டை ஒழுங்குபடுத்தும்போதுதான் அதை இறக்கிப் பிரித்தேன். உள்ளே முழுக்கச் செருப்புகள். ஒன்றுகூடத் தேய்ந்ததில்லை, ஆனால் ஒன்றுக்கும் சோடியில்லை. ஒவ்வோர் அளவிலும், வலக்காற் செருப்புகள் சிறியவை, இடக்காற் செருப்புகள் பெரியவை.

எனக்கு வலக்கால் எட்டாம் எண், இடக்கால் ஆறாம் எண். சிறுவயதிலிருந்தே இந்த இரண்டு எண் வித்தியாசம் கூடவே வளர்ந்து வந்தது. எனவே அப்பா எப்போதும் இரண்டு சோடி வாங்குவார். பெரியதில் வலதும் சிறியதில் இடதும் எனக்கு. மிஞ்சிய இரண்டும் எங்கே போயின என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் அம்மா சொன்னாள்: "வலது கால் சூம்புன புள்ள யாராச்சும் கண்ணுல பட்டா குடுக்கலாம்னு வச்சிருந்தாங்க உங்கப்பா."

இந்தக் கட்டுரை செருப்பைப் பற்றியதன்று. அலையேறி விளையாடுவதற்காகக் காலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர்த் துடுப்புகளை வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து அறுத்துத் திருத்திய கதை இது. ஆனால் அந்தச் சாக்கைச் சொல்லாமல் இதைத் தொடங்க இயலவில்லை.

*

இளம்பிள்ளை வாதம் என்னைத் தீண்டியது 1982இல். அப்போது எனக்கு இரண்டு வயது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் உலக நலவாழ்வு நிறுவனம் இப்பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது. என் மாணவர்களில் பலர் சூம்பிய காலை என்னிடம்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். என் தலைமுறையிலோ வகுப்புக்கு ஒருவராவது இருந்தோம். இரும்புக் கம்பியும் தோல்வாரும் கொண்ட காலிபர், விளையாட்டு வகுப்பில் வேப்பமரத்தடி, எல்லோருடைய புத்தகப் பைகளுக்கும் காவல் என்பதாக எங்கள் உலகம் அமைந்திருந்தது.

தண்ணீர் மட்டும் விதிவிலக்கு. மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்க் குளத்தில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா என்னை இறக்கிவிட்டார். கரையில் காலிபரைக் கழற்றி வைத்துவிட்டால், நீருக்குள் யார் கால் எப்படி இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பெரும்பாலும் கைகளாலேயே நீந்தினேன். கால்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன.

பிற்பாடு சென்னையில் வேலை கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளத்துக்கு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தேன். அங்கே மீனவ இளைஞர்கள் பலகை வைத்து அலைச்சறுக்கு செய்வது பலரும் அறிந்ததே. என் கண்ணில் பட்டவர் வேறொருவர். பலகை ஏதுமின்றி, வெறும் உடம்பை நீட்டி, ஒரு கையை முன்னே வைத்து அலையின் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்தார். நிற்க வேண்டியதில்லை, சமநிலைக்குக் கால் வேண்டியதில்லை. மெய்யே பலகை. எனக்கு நெஞ்சு படபடத்தது. இது என்னால் முடியும் என்று தோன்றியது. நாற்பதைத் தாண்டிய ஒரு தமிழ் விரிவுரையாளருக்கு அப்படித் தோன்றுவது வழக்கமில்லை.

ஹவாய்த் தீவினர் இதைத் தொன்றுதொட்டுச் செய்துவருகிறார்கள். அவர்கள் மொழியில் இதற்குக் 'காஹா நலு' என்று பெயர். 'நலு' என்றால் அலை.

அந்த இளைஞரிடம் கற்கத் தொடங்கினேன். அவர் என்னை 'சார்' என்பார்; நான் அவரைத் 'தம்பி' என்பேன். மூன்று மாதம் அலைகள் என்னைக் கடந்து போயினவே தவிர, ஒன்றும் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. காரணம் எளிய கணக்கு. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய 3.8 மீட்டர். 50 மீட்டரை 21 வினாடிக்குள் கடந்த உலகச் சாதனையாளரின் சராசரி வேகமே வினாடிக்கு 2.4 மீட்டர்தான். ஆகவே எவரும் நீந்தி அலையைத் துரத்திப் பிடிப்பதில்லை. அலை நிமிர்ந்து செங்குத்தாகும் அந்த ஓரிரு வினாடியில் போதுமான வேகத்தை எட்டிவிட்டால், மிச்சத்தை அலையின் சரிவும் புவியீர்ப்பும் பார்த்துக்கொள்ளும். அந்த ஓரிரு வினாடிக்கு வேண்டியது நாலைந்து உதை. என்னிடம் இல்லாதது அந்த உதைதான்.

"ஃபின்ஸ் போட்டாக்க புடிச்சிருவீங்க சார்," என்றார் தம்பி.

*

ஃபின்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது? கால், துடுப்பு இரண்டையும் இலக்கணப்படி புணர்த்தினால் 'காற்றுடுப்பு' என்று வரும். மாணவர்கள் அதைக் காற்றில் ஏதோ உடுப்பது என்று படிப்பார்கள். எனவே புணர்ச்சி விதிகளின் மன்னிப்பைக் கோரி, 'கால்துடுப்பு' என்றே எழுதுகிறேன்.

இதற்கொரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது, ஓவியர்களின் வண்ணத்தட்டைப் போலக் கட்டைவிரல் நுழையத் துளையிட்ட மரத்தட்டுகளைக் கையில் பிடித்து நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு களைத்துப்போயிற்று. பாதத்தில் செருப்பு போன்ற ஒன்றையும் மாட்டிப் பார்த்தார். அது திருப்தி தரவில்லை. நீரை உதைப்பது உள்ளங்கால் மட்டுமன்று, பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் என்று கண்டுகொண்டதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். பிரான்சின் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933இல் ரப்பர்த் துடுப்புக்குக் காப்புரிமை கோரினார். அவரிடம் உரிமம் பெற்று அமெரிக்காவில் 1940 வாக்கில் அதைத் தயாரித்து விற்றவர் ஓவன் சர்ச்சில். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படை முக்குளிப்போர் இவற்றை அணிந்தனர். போருக்குப் பின் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் அலையாடுவோர் இவற்றைத் தமதாக்கிக்கொண்டனர்.

அலையாடுவோரின் துடுப்பு, ஆழ்கடல் முக்குளிப்போரின் துடுப்பைப் போல நீண்டதன்று. நீண்ட துடுப்பு நிதானமாக நெடுந்தூரம் போவதற்கு. அலையைப் பிடிக்க வேண்டியவருக்குக் குட்டையான, விறைப்பான, சட்டென்று வேகம் தரும் துடுப்பு தேவை. கடற்கரையிலிருந்து பின்னோக்கி நடந்து இறங்குவதற்கும் அதுவே வசதி.

சான் டியேகோவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒரு சோடி அனுப்பிவைத்தார். கறுப்பு இயற்கை ரப்பர், குதிகால் திறந்து பின்வார் வைத்தது, எட்டாம் எண். வலக்காலில் பசை போட்டாற்போல் பொருந்தியது. இடக்காலில் தொளதொளத்தது.

*

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது.

பாதப்பையின் தொளதொளப்பைச் சரிசெய்வது எளிது. எனக்குச் செருப்பு செய்து தருபவரிடமிருந்து எம்.சி.ஆர். தகடு வாங்கிவந்தேன். சர்க்கரை நோயாளிகளின் செருப்பில் வைப்பார்களே, அதே மெத்தென்ற ரப்பர். 6 மில்லிமீட்டர் கனத் தகட்டைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சைக்கிள் கடைச் சொல்யூஷனை மெல்லிதாகத் தடவி, அது ஒட்டுப்பதத்துக்கு வந்தபின் அழுத்தி, ஒரு நாள் பாரம் வைத்தேன். இவ்வளவோடு நின்றிருக்கலாம்.

நான் நிற்கவில்லை. என் கணக்கு இப்படி ஓடியது. வலக்காலுக்கு வலு அதிகம், இடக்காலுக்குக் குறைவு. ஆகவே இடத்துடுப்பைப் பெரிதாக்கினால் இரண்டும் சமமாகும். தராசில் குறைவான தட்டில் கல்லைக் கூட்டுவதுபோல. லாரி டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இடத்துடுப்பின் நுனியில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டி, நைலான் நூலால் தைத்தும்விட்டேன். அழகாகவே இருந்தது. மனைவி பார்த்துவிட்டு, "ரெண்டு காலும் ஒண்ணாவே ஆயிடுமா?" என்று கேட்டாள். ஆகிவிடும் என்று சொன்னேன். அப்பா கேட்டிருந்தாலும் அப்படியேதான் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிறு, அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் காத்திருந்தேன். முதல் அலைக்கு உதைத்தேன். இடக்கால் அசைய மறுத்தது. இரண்டாவது அலைக்கு இன்னும் முக்கி உதைத்தேன். ஆடுசதை கல்லாக இறுகிற்று. தொடர்ந்து தொடை. வலியில் உடம்பை மடக்கினேன். மூன்றாவது அலை தலைக்குமேல் உடைந்தது. மூக்கிலும் வாயிலும் உப்புநீர். மேலே எது, கீழே எது என்று தெரியாத அந்தச் சில வினாடிகளில், என் காலைப் பிடித்து யாரோ அடியில் இழுப்பதுபோல் இருந்தது. இழுத்தது நான் தைத்த அந்த ஐந்து சென்டிமீட்டர்தான்.

தம்பி பலகையோடு வந்து சேர்ந்தார். "காலை அடிக்காதீங்க சார். சும்மா கெடங்க. அலையே தள்ளிட்டுப் போவும்." அலையே தள்ளிக்கொண்டு போயிற்று. கரையில் ஒரு மணி நேரம் படுத்துக்கிடந்தேன். என் மகள் அருகில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தாள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

*

இயன்முறை மருத்துவர் என்னை வெகுவாகவே கடிந்துகொண்டார். போலியோவில் காலை இயக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதி மடிந்துவிடுகிறது. தப்பியவை புதிய கிளைகளை நீட்டி, அநாதையான தசைநார்களையும் தாமே ஏற்று நடத்துகின்றன. நாற்பது ஆண்டுகளாக இரட்டைச் சுமை சுமக்கும் அவற்றை மேலும் வருத்தினால், இருக்கும் வலுவும் மெல்லமெல்லப் போகக்கூடும். "இருக்கிற பலத்துக்குத் தக்கன சுமை குடுங்க சார். இருந்திருக்கவேண்டிய பலத்துக்குக் குடுக்காதீங்க," என்றார்.

பெரிய துடுப்பு என்பது சைக்கிளின் கனமான கியரைப் போன்றது. சுழற்ற வலுவிருந்தால் வேகம்; இல்லையேல் வெறும் பாரம். சுழலாத துடுப்பு உந்துவதில்லை என்பதோடு நிற்பதில்லை, நீரைத் தடுக்கவும் செய்கிறது. ஃபிராங்க்ளினின் மணிக்கட்டு சொன்ன பாடத்தை நான் படித்தும் கேட்கவில்லை.

அந்த வாரம் முதலாண்டு மாணவர்களுக்கு வெண்பா இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏனைய அடிகள் நான்கு சீரால் அமைய, ஈற்றடி மட்டும் மூன்று சீரால் முடியும். அதன் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடுகளும் உண்டு. ஒரு மாணவன் பயிற்சியாக எழுதிவந்த குறள் வெண்பாவில் இரண்டடியும் நான்கு சீர். ஏனென்று கேட்டேன். "ரெண்டாவது அடி குறைஞ்ச மாதிரி இருந்திச்சு ஐயா, அதான் நிரப்பிட்டேன்," என்றான். "நிரப்பினதாலதான் இது வெண்பா இல்லாமப் போச்சு," என்று சொல்லிச் சிவப்பு மையால் கடைசிச் சீரை அடித்தேன். அடித்த கை அப்படியே சிறிது நேரம் நின்றுவிட்டது. யாப்பில் 'அடி' என்றாலும் உடம்பில் 'அடி' என்றாலும் தமிழில் ஒரே சொல்தான் என்பதை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வந்திருக்கிறேன்.

அன்று மாலை லாரி டியூப் துண்டைப் பிரித்தெடுத்தேன். பிறகு இடத்துடுப்பை அறுக்கத் தொடங்கினேன்.

*

யாருக்கேனும் பயன்படலாம் என்பதால் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ரப்பரை உலர்வாக அறுத்தால் கத்தி சிக்கிக்கொள்ளும். சோப்பு நீரால் கத்தியையும் ரப்பரையும் நனைத்துக்கொண்டால் வெண்ணெயாக ஓடும். சாக்கட்டியால் கோடிட்டு, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அறுக்கக்கூடாது. அறுத்ததை ஒட்டவைத்துப் பழைய வலு பெற முடியாது. எனவே ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போய்ச் சோதித்துவிட்டு வந்தே அடுத்த சென்டிமீட்டர். எனக்கு ஐந்து ஞாயிறுகள் ஆயின. விரல்நுனியிலிருந்து 18 சென்டிமீட்டராக இருந்த துடுப்புத்தகடு 13இல் வந்து நின்றது. கூட்ட நினைத்ததும் ஐந்து, குறைக்க நேர்ந்ததும் ஐந்து.

மூலைகளைக் கூராக விடலாகாது. கிழிசல் எப்போதும் கூர்மூலையில்தான் தொடங்கும்; அடுத்தவரின் உடம்பையும் அது கீறும். முரட்டு உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்க வேண்டும். தகட்டின் இரு ஓரங்களிலும் விறைப்புக்காக வைத்திருக்கும் முகடுகளை, இடத்துடுப்பில் மட்டும் பாதி உயரத்துக்குத் தேய்த்தேன். அதனால் தகடு எளிதில் வளைந்துகொடுக்கிறது. கணுக்காலின் மேல் விழும் பாரம் குறைகிறது. பாதப்பையில் மணலும் நீரும் தேங்காதிருக்க, உள்ளங்காலின் குழிவுக்கு நேரே ஒரு துளை. பழுக்கக் காய்ச்சிய ஆணி வேண்டாம். அதன் விளிம்பு பிசிறடித்துப் பிறகு கிழியும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் வட்டமாகத் துளைத்துத் தருவார். கரையலை துடுப்பைக் கழற்றிக்கொண்டு போய்விடாமலிருக்க, கணுக்காலோடு சேர்த்து நாடா கட்டுவது அவசியம். ஆடியபின் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் ரப்பர் இறுகி வெடிக்கும்.

ஆறாவது ஞாயிறு ஓர் அலை என்னை ஏற்றிக்கொண்டது. இதில் அற்புதம் ஏதுமில்லை. இடக்கால் குறுகிய, விரைவான உதைகளாக உதைத்தது; வலக்கால் நீண்டு உந்தியது. இரண்டும் ஒத்திசையவில்லை. ஆனால் இரண்டும் உழைத்தன. அலை நிமிர்ந்தது, பின்புறம் உயர்ந்தது, பிறகு யாரோ கையைவிட்டாற்போல் சரிவில் வழுக்கினேன். பத்து வினாடி இருக்குமா? ஆறாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் கண்டேன். வலப்புற உந்துதல் மிகுதியாதலால் என் உடம்பு இயல்பாகவே இடப்புறம் திரும்புகிறது. அலையாடுவோர் நேராகக் கரைக்கு வருவதில்லை. உடையாத சரிவை நாடி ஒரு பக்கமாகத் திரும்புவார்கள். இடப்பக்கம் திறக்கும் அலைகளில் நான் முயலாமலே திரும்பிவிடுகிறேன். வலப்பக்க அலைகள் இன்றும் எனக்கு வசப்படவில்லை. அவற்றைப் பெரும்பாலும் போகவிட்டுவிடுகிறேன். "சாருக்கு லெஃப்ட் அலைதான்," என்று தம்பி மற்றவர்களிடம் சொல்வார். அவ்வாறு வரும்போது வழிவிடுகிறார்கள். ஒருவருக்கு இன்ன அலை என்று அங்கே எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் அப்படியொன்று அமைந்ததில் எனக்குள்ள மகிழ்ச்சியைச் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். ஊரார் பார்வையில் என் கால்கள் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்று, பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரே அளவில் சோடிக் காலணி வாங்கி, இடப்பக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தவர் அவர். அன்று மேடையேறும்போது அது கழன்று விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்துதான் இரண்டு சோடி வாங்கத் தொடங்கினார். அவரும் ஒரு தவறு செய்து, ஒரு கோடு போட்டு, அறுத்துத் திருத்திக்கொண்டவர்தான் என்பது இப்போதுதான் விளங்குகிறது. மிஞ்சியதைக்கூட அவர் எறியவில்லை.

சாக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய செருப்புகளில் ரப்பர் இறுகிப் போய்விட்டது; இனி யாரும் அணிய முடியாது. அறுத்தெடுத்த ஐந்து ரப்பர்ப் பட்டைகளையும் சென்ற வாரம் அதற்குள்தான் போட்டு வைத்தேன்.